இன்றிரவு வண்டியை யார் ஓட்டுவது? பாருக்கும் கிளப்புக்கும் போகிறவர்களும் அவற்றை நடத்துகிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பார், கிளப் ஊழியர்களுக்கு நான் நடத்தும் பயிற்சி வகுப்புகளில் அதே சில சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வாடிக்கையாளர்களாகப் போகும் நண்பர்கள் கேட்பதும் பெரும்பாலும் அவையே. ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை போகப்போக.

பொறுப்பு ஓட்டுநர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? கூட்டத்தில் குறைவாகக் குடித்தவரைத்தானே?

இல்லை. ஒரு சொட்டுகூடக் குடிக்காதவரை. சேர்ந்து வெளியே போகும் குழுவில் ஒருவர், "இன்று நான் குடிக்கவில்லை, எல்லோரையும் நான் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன்" என்று முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறார். அவர்தான் பொறுப்பு ஓட்டுநர். கிளம்பும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "உனக்குத்தான் தள்ளாட்டம் குறைவு, சாவியைப் பிடி" என்று சொல்வது இதில் சேராது.

இந்தக் குழப்பம் உலகெங்கும் இருக்கிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்களிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் மூச்சுப் பரிசோதனை நடத்தி, 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். "இன்று நான்தான் ஓட்டுகிறேன்" என்று சொன்னவர்களில் 10 பேரில் 4 பேர் குடித்திருந்தார்கள். அதிலும் ஏறக்குறைய பாதிப் பேர், பல நாடுகளில் சட்ட வரம்பாக இருக்கும் அளவை, அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹாலை, தொட்டோ தாண்டியோ இருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தான் அவர்களும். "கொஞ்சம் மட்டும்" என்ற ஒரு சலுகை அவர்களைக் கவிழ்த்துவிட்டது.

ஒரே ஒரு பீர் குடித்தால் சட்டத்தின் வரம்புக்குள்தானே இருப்பேன்?

எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கலாம் என்பதே கணக்கு. இங்கிலாந்தில் 80, ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50, இந்தியாவில் 30, சுவீடனிலும் நார்வேயிலும் 20. ஹங்கேரி போன்ற நாடுகளில் பூஜ்யம்தான். ஓர் ஊரில் தப்பித்துவிடும் அதே பீர் இன்னோர் ஊரில் வழக்காகிவிடும்.

அளவும் பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபடுகிறது. 4 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதே அளவு பாட்டிலில் 8 சதவீத பீர் என்றால் அது இரட்டிப்பு. உடல் எடை, ஆணா பெண்ணா, வெறும் வயிறா என்பதையெல்லாம் பொறுத்து ரத்தத்தில் ஏறும் அளவு மாறும். இத்தனை கணக்கையும் இருட்டில், இரைச்சலில், குடித்த மூளையை வைத்துக்கொண்டு போட முடியாது. "ஓட்டுபவர் குடிப்பதில்லை" என்ற விதிக்குக் கணக்கே தேவையில்லை. அதனால்தான் அது நிலைத்திருக்கிறது.

யார் ஓட்டுவது என்பதை எப்போது முடிவு செய்ய வேண்டும்?

வீட்டிலிருந்து கிளம்பும் முன். அது முடியாமல் போனால், முதல் கிளாஸ் மேசைக்கு வரும் முன். அதற்குப் பிறகு எடுக்கும் எந்த முடிவும் ஆல்கஹாலும் சேர்ந்து எடுத்த முடிவுதான். ஆல்கஹால் முதலில் மட்டுப்படுத்துவது தீர்மானிக்கும் திறனை. கால் தடுமாறுவதும் நாக்குக் குழறுவதும் பிறகு வருபவை. "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று ஒருவர் உறுதியாகச் சொல்வதால் அவர் நன்றாக இருப்பதாக ஆகிவிடாது.

ஒரு காபி, வயிறு நிறையச் சாப்பாடு, முகம் கழுவினால் தெளிந்துவிடாதா?

தெளியாது. ரத்தத்தில் ஏறிய ஆல்கஹாலை உடைப்பது கல்லீரல். அதன் வேகம், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 15 மில்லிகிராம். காபியும் குளிர்ந்த நீரும் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. காபி தூக்கத்தை விரட்டுகிறது. விழித்திருக்கும் போதை ஆசாமி தன்னைத் தெளிந்தவராக நினைத்துக்கொள்கிறார், அது இன்னும் ஆபத்து. சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஆல்கஹால் மெதுவாக ஏறும். குடித்தபின் சாப்பிட்டால் ஏற்கெனவே ஏறியது இறங்காது.

டாக்சி இருக்கிறதே, பிறகு எதற்கு இந்த ஏற்பாடு?

டாக்சி கிடைக்கும் இடமென்றால் தாராளமாக அதில் போங்கள். எல்லோரும் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வருவது எல்லாவற்றிலும் சிறந்த வழி. ஆனால் மூடும் நேரத்தில் மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் வெளியே வருகிறது. வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். நகரத்துக்கு வெளியே இருக்கும் இடங்களில் அதுவும் இல்லை. "வாசலில் என் வண்டி நிற்கிறதே" என்ற எண்ணம் ஜெயிப்பது அந்த நேரத்தில்தான்.

சொந்த வண்டியோடு வந்துவிட்டவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தென்கொரியாவில் தொலைபேசியில் அழைத்தால் ஓர் ஓட்டுநர் வந்து உங்கள் காரிலேயே உங்களை வீட்டில் விடுகிறார். ஜப்பானில் இரண்டு பேராக வருகிறார்கள். ஒருவர் உங்கள் காரை ஓட்ட, மற்றவர் அவர்கள் வந்த வண்டியில் பின்தொடர்கிறார். இப்படிப்பட்ட சேவை உங்கள் பகுதியில் இருந்தால் அதன் எண்ணைக் கழிவறைக் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். எல்லோரும் தனியாக ஒரு நிமிடம் நிற்கும் இடம் அது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? வெறும் விளம்பர வாசகம்தானே?

ஸ்காண்டிநேவிய நாடுகளில் இது முதலில் வழக்கமாகவே இருந்தது. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளி 1988-இல் இதை ஓர் இயக்கமாகத் தொடங்கியது. தொலைக்காட்சித் தொடர் எழுத்தாளர்களிடம் போய், கதையின் போக்கில் ஒரு வரி, ஒரு காட்சி வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். அடுத்த நான்கு தொலைக்காட்சிப் பருவங்களில் 160-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் அது இடம்பெற்றது. பெல்ஜியத்தில் 1995-இல் "பாப்" என்ற பெயரில் வந்த பிரச்சாரத்தில் மதுபானத் தயாரிப்பாளர்களும் பங்கேற்றார்கள். சோதனைச் சாவடியில் குடிக்காமல் ஓட்டி வருபவருக்குப் போலீஸ்காரர் ஒரு மஞ்சள் சாவிக்கொத்தைப் பரிசாகக் கொடுப்பார். குற்றவாளியைப் பிடிப்பதோடு நிற்காமல் சரியாக நடந்தவரையும் நிறுத்திப் பாராட்டினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

நாங்கள் மது விற்றுப் பிழைப்பவர்கள். குடிக்காதவரை ஊக்குவித்தால் நஷ்டம் எங்களுக்குத்தானே?

ஒரு மேசையில் ஐந்து பேர் இருந்தால் நீங்கள் கேட்பது ஒருவரின் மதுவை மட்டும். அவரும் சாப்பிடுவார், வேறு பானம் வாங்குவார். நன்றாகக் கவனிக்கப்பட்டால் அடுத்த முறை அந்த ஐந்து பேரையும் எங்கே அழைத்துப்போவது என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் அவரே. வண்டி அவர் கையில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில், கண்ணுக்குத் தெரியும் அளவு போதையில் இருப்பவருக்கு ஊற்றிக்கொடுத்த பார், அவர் செய்த விபத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியிருக்கும். சட்டம் அவ்வளவு தூரம் போகாத இடத்திலும், உங்கள் வாசலிலிருந்து கிளம்பிய வண்டி ஓர் உயிரைப் பறித்தால் அந்தப் பாரின் பெயர் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பொறுப்பு ஓட்டுநருக்குக் குளிர்பானம் இலவசம் என்று பலகை வைத்துவிட்டோம். போதுமா?

போதாது. இப்படிப்பட்ட பார் திட்டங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் ஒரு மதிப்பீடு வந்தது. இலவச பானம் போன்ற ஊக்கங்களால், "நான்தான் பொறுப்பு ஓட்டுநர்" என்று முன்வந்தவர்களின் எண்ணிக்கை ஒரு பாரில் ஓர் இரவுக்குச் சராசரியாக ஒன்றுக்கும் குறைவாகவே அதிகரித்திருந்தது. எண்ணிக்கை சிறியது என்று சோர்ந்துபோக வேண்டாம். ஒரு காரில் நான்கு பேர் போகிறார்கள், எதிரே வருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பலகை தானாக வேலை செய்யாது என்பது இதிலிருந்து தெளிவு.

வேலை செய்வது ஊழியரின் வாய். மெனுவைக் கொடுக்கும்போதே, "இன்று உங்களில் யார் ஓட்டுகிறீர்கள்? அவருக்கு எங்கள் செலவில் ஒன்று கொண்டுவருகிறேன்" என்று கேட்டுவிட வேண்டும். இந்தக் கேள்வி எழும்போது மேசையில் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், யாரோ சிரிப்பார், பிறகு ஒரு கை உயரும். அதுவரை அவர்கள் அதைப் பேசியிருக்கவே மாட்டார்கள். கேள்வி முதல் ரவுண்டுக்கு முன்பே வந்ததால் அந்தக் கை உயர்ந்தது.

அடுத்தது, கொடுக்கும் விதம். மற்றவர்களுக்குத் தண்டு வைத்த கண்ணாடிக் கிளாஸ். ஓட்டுபவருக்கு மட்டும் பிளாஸ்டிக் கோப்பையில் காற்றுப் போன கோலா. இதை நான் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. நான்கு பேரின் உயிரைப் பொறுப்பேற்றவருக்கு நாம் தரும் மரியாதையா அது? அதே கிளாஸில், பனிக்கட்டியும் எலுமிச்சைத் துண்டும் வைத்து, மற்ற பானங்களோடு ஒரே தட்டில் கொண்டுபோங்கள். மெனுவில் மது இல்லாத பானங்களுக்குக் கடைசிப் பக்கத்தின் மூலையை ஒதுக்காமல் சரியான இடம் கொடுங்கள். "மது இல்லாத பீர்" என்று விற்கப்படும் சிலவற்றில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம் என்பதை ஊழியர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும், கேட்பவருக்கு 0.0 என்று அச்சிட்டதைக் கொடுங்கள்.

பொய் சொல்லி இலவசமாக வாங்கிக் குடிப்பவர்கள் இருப்பார்களே?

இருப்பார்கள். ஒரு சோடாவால் எந்தப் பாரும் மூழ்கிவிடாது. ஓட்டுபவரின் கையில் வண்ணப் பட்டை கட்டுவது நல்ல வழி: அவருக்கு மது ஊற்றக்கூடாது என்பது எல்லா ஊழியருக்கும் தெரியும், இலவச பானமும் கணக்கில் நிற்கும். கூட்டமும் இரைச்சலுமாக இருக்கும் கிளப்களுக்கு இது மிகவும் பொருந்தும். அங்கே மேசைக்கு மேசை போய்க் கேட்க முடியாது என்பதால் நுழைவு வாசலிலேயே கேட்டுப் பட்டையைக் கட்டிவிடலாம். ஓட்டுபவருக்கு நுழைவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதும் அங்கேயே முடிந்துவிடும்.

ஓட்ட ஒருவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் மற்றவர்கள் அளவில்லாமல் குடிப்பார்களே?

நியாயமான கவலை. சிலர் அப்படிச் செய்கிறார்கள் என்று ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. விபத்து தவிர, மிதமிஞ்சிய குடியால் வரும் அடிதடி, வழுக்கி விழுதல், ஆல்கஹால் நச்சு எல்லாம் அப்படியே இருக்கின்றன. அதனால் பொறுப்பு ஓட்டுநர் இருக்கும் மேசைக்கும், அளவு மீறியவருக்கு ஊற்றுவதை நிறுத்தும் விதி முழுமையாகப் பொருந்த வேண்டும். "அவர் ஓட்டப்போவதில்லையே" என்பது இன்னொரு பெக் ஊற்றக் காரணமாகாது.

ஓட்டுபவரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரில் தூங்கிவிட்ட நண்பரை எழுப்ப முடியவில்லை, மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, தோல் சில்லிட்டிருக்கிறது என்றால் வீட்டுக்குப் போகாதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழைத்து, அது வரும்வரை அவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மல்லாக்கப் படுத்தவர் வாந்தியெடுத்தால் மூச்சுக்குழாய் அடைபடும்.

இது குடியை ஆதரிப்பது ஆகாதா?

குடிப்பதும் குடிக்காததும் அவரவர் முடிவு. குடிக்காமலிருப்பதே உடலுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்றிரவு ஒரு பாரில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் எப்படி வீடு போய்ச் சேருவார் என்ற கேள்விக்கு அந்த அறிவுரை பதிலாகாது. சாலையில் எதிரே வருபவர் குடிக்கவில்லை, இந்த முடிவில் அவருக்குப் பங்குமில்லை. நான் முதலில் நினைப்பது அவரைத்தான்.

நாங்கள் நான்கு பேரும் இரண்டு பைக்கில் வந்தோம். ஒருவர் குடிக்காமல் இருந்து என்ன பயன்?

இரண்டு வண்டிக்கு இரண்டு பேர் குடிக்காமல் இருக்க வேண்டும். ஆனால் அதுவும் பாதித் தீர்வுதான். போதையில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வளைவில் எதிர்ப்பக்கம் சாய்வார், தூங்கி வழிவார், பிடியை விட்டுவிடுவார். ஓட்டுபவர் முழுத் தெளிவோடு இருந்தாலும் வண்டி அவர் கட்டுப்பாட்டில் இருக்காது. பின்னால் இருப்பவர் ஹெல்மெட்டின் வாரைக்கூடச் சரியாகப் போட்டிருக்க மாட்டார்.

குடிக்கப் போகும் இரவில் இருசக்கர வாகனத்தையே எடுக்காதீர்கள் என்பதே என் பதில். பார் நடத்துபவர்களிடம் நான் கேட்பது: இரவு முழுதும் வண்டியை விட்டுவிட்டுப் போகப் பாதுகாப்பான இடம் கொடுங்கள், மறுநாள் வந்து எடுக்கும்வரை கட்டணம் வேண்டாம். வண்டி திருடுபோய்விடும் என்ற பயமே பலரை அந்த நிலையிலும் ஓட்டவைக்கிறது. அந்தப் பயத்தை நீக்க ஒரு காவலாளியும் ஒரு டோக்கனும் போதும்.

எப்போதும் நானே ஓட்டுகிறேன். எனக்கு அலுத்துவிட்டது. என்ன செய்வது?

அலுப்பது இயல்பு. குடிக்கும் பழக்கமே இல்லாத ஒருவர் குழுவில் இருந்தால் பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். முறை வைத்துக்கொள்ளுங்கள். முறை வைக்க முடியாவிட்டால் பெட்ரோல், பார்க்கிங், ஓட்டுபவரின் சாப்பாட்டுச் செலவு மூன்றையும் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளட்டும். மொத்த பில்லைச் சமமாகப் பிரித்து, ஒரு ஜூஸ் குடித்தவரிடம் விஸ்கியின் பங்கை வாங்குவது அநியாயம்.

களைப்பாக இருக்கும் நாளில் "என்னால் இன்று முடியாது" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. விடிகாலையில் எழுந்து நாள் முழுக்க வேலை பார்த்தவர் நள்ளிரவில் ஓட்டினால் கண் சொருகும். தூக்கம் வரவைக்கும் சளி, ஒவ்வாமை மாத்திரைகள் சாப்பிட்டவரும் அன்றைக்குப் பொறுப்பேற்கக்கூடாது.

பொறுப்பேற்றவரே நடுவில் குடித்துவிட்டார். இப்போது?

அவர் அன்றைக்குப் பொறுப்பு ஓட்டுநர் இல்லை, அவ்வளவுதான். சண்டை வேண்டாம், "ஒன்றுதானே" என்ற பேரமும் வேண்டாம். காரணம் இரண்டாம் கேள்வியில் இருக்கிறது. டாக்சிக்குச் சொல்லுங்கள், குடிக்காத ஒருவரை வரவழையுங்கள், அல்லது அங்கேயே அருகில் தங்குங்கள். பார் ஊழியர் கவனித்துவிட்டால் பட்டையை மெதுவாகக் கழற்றி வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு வண்டிக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்கலாம். அவரை நாலு பேர் முன் அவமானப்படுத்தினால் வீம்புக்காகவே சாவியை எடுப்பார்.

கூட வந்தவர்களுக்கும் சட்டப் பொறுப்பு உண்டா?

சில நாடுகளில் உண்டு. ஜப்பானில் 2006-இல் ஃபுகுவோகா நகரில், குடித்திருந்தவர் ஓட்டிய கார் மோதி ஒரே குடும்பத்தின் மூன்று குழந்தைகள் இறந்தார்கள். நாடே கொதித்தது. அடுத்த ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது: ஓட்டுவார் என்று தெரிந்தே மது கொடுத்தவர், வண்டி கொடுத்தவர், குடித்தவர் ஓட்டுகிறார் என்று தெரிந்தே தன்னை ஏற்றிப்போகச் சொன்னவர் என எல்லோருக்கும் தண்டனை வந்தது. குழுவில் ஒருவர் குடிக்காமலிருக்க, உணவகமும் அதற்கு ஒத்துழைக்கும் இயக்கமும் அங்கே அதே காலத்தில்தான் பரவியது. உங்கள் நாட்டின் விதியைப் பார் உரிமையாளர் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நள்ளிரவு வரை குடித்தேன், தூங்கி எழுந்துவிட்டேன். காலையில் ஓட்டலாம்தானே?

மேலே சொன்ன 15 மில்லிகிராம் கணக்கைப் போடுங்கள். படுக்கும்போது 150 இருந்தால், முழுதும் இறங்க 10 மணி நேரம் ஆகும். நள்ளிரவில் படுத்து 7 மணிக்கு வண்டியை எடுப்பவரின் ரத்தத்தில் இன்னும் 45 இருக்கும். இந்தியாவின் வரம்பை அது தாண்டிவிட்டது. தூக்கம் இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. பொறுப்பு ஓட்டுநரின் வேலை இரவோடு முடிந்துவிடும் என்று நினைப்பதால், மறுநாள் காலை யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

குடித்தவர் சாவியைத் தர மறுக்கிறார். அதுவும் அவர் எங்கள் மேலதிகாரி. எப்படிச் சொல்வது?

எனக்கு வருவதிலேயே கடினமான கேள்வி இது. வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். "சார், நீங்கள் குடித்திருக்கிறீர்கள்" என்று தொடங்கினால் அது மரியாதைப் பிரச்சினையாகிவிடும். "சார், நானும் அந்த வழியாகத்தான் போகிறேன், உங்களை விட்டுவிட்டுப் போகிறேன்" என்றால் அவருக்கும் இறங்கிவர ஒரு படி கிடைக்கும். அவர் மதிக்கும் ஒருவர், வயதிலோ பதவியிலோ ஒத்தவர், தனியாக அழைத்துப் பேசுவது இன்னும் நல்லது. கூட்டமாகச் சூழ்ந்துகொள்ளாதீர்கள்.

பார் ஊழியர் சாவியைப் பிடுங்கக்கூடாது. கைகலப்பாகிவிடும், சட்டமும் சிக்கலாகலாம். வாகன நிறுத்தத்தில் ஊழியரிடம் சாவியை ஒப்படைக்கும் ஏற்பாடு இருந்தால் தாமதப்படுத்தலாம்: வண்டி எடுத்துவர நேரமாகும், அதுவரை தண்ணீர் குடியுங்கள் என்று உட்காரவைத்து, அந்த இடைவெளியில் டாக்சியை வாசலுக்கு வரவழைத்துவிடலாம். எதற்கும் மசியாமல் வண்டியை எடுத்துவிட்டால், எண்ணையும் போன திசையையும் குறித்துப் போலீஸுக்குச் சொல்லத் தயங்கக்கூடாது. மறுநாள் அவர் கோபித்துக்கொள்ள உயிரோடு இருக்கட்டும்.

அவர் உங்கள் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்றால் பெரும்பாடு தீர்ந்தது. சீட் பெல்ட்டைப் போட்டுவிடுங்கள். வழியில் தன் சாவியைக் கேட்டால், "காலையில் கொண்டுவந்து தருகிறேன் சார்" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே இருங்கள்.